அருளாந்து அண்ணனுக்கு வெட்டிய குழி

1

டிசம்பர் பிறந்துவிட்டால் நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் எல்லோரும் எல்லோரிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். கிறிஸ்மஸுக்கு, எங்கள் பேச்சில் நத்தாருக்கு, குடும்பத்தோடுதானே? ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். பதிலைக் கேட்க யாரும் நிற்பதில்லை. இங்கிலாந்துக்கு வந்த நாளிலிருந்து நானும் ஆமாம் போட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இந்த முறை கேட்டவள் புதிதாகச் சேர்ந்த போலந்துக்காரப் பெண். அவளுக்கு இந்த ஊர் வழக்கம் இன்னும் பிடிபடவில்லை. பதிலுக்காகக் காத்து நின்றாள். படுக்கை விரிப்பை மடித்தபடியே, "என் அண்ணனும் இங்கேதான் இருக்கிறார்" என்று சொல்லிவிட்டேன். "நல்லதாகப் போயிற்று, அவருக்கும் சேர்த்துச் சமைத்துவிடு" என்றாள். சரி என்றேன். பிறகு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அண்ணன் இங்கேதான் இருக்கிறார். நகரசபை மயானத்தில், வேலியோரமாக. பஸ்ஸில் போய் இறங்கினால் எதிரே வாசல். ஆனால் இலங்கையில் எங்கள் ஊரில் போய்க் கேட்டால், அருளாந்துவைப் பெரகலைக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டத்து மயானத்தில் அடக்கம் செய்தாகிவிட்டது என்பார்கள். சிலுவையும் நட்டிருக்கிறார்கள், பேரும் எழுதியிருக்கிறார்கள். இது எப்படி நடந்தது என்று ஆளுக்கொரு விதமாகப் பேசுகிறார்களாம். தங்கச்சி செசிலி, அதாவது நான், அண்ணனை அனுப்பாமல் வைத்துக்கொண்டாள் என்றுகூட ஒரு பேச்சு உண்டு என்று கேள்வி. பேசுகிறவர்கள் இதையும் கொஞ்சம் படித்துவிட்டுப் பேசட்டும்.

2

அண்ணனையும் மதினியையும் ஒரு நத்தாருக்காவது இங்கே கூப்பிட்டு வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் பல வருஷத்து ஆசை. அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மதினி பிலோமினா மலையில் கொழுந்து பறித்து முழங்கால் தேய்ந்தவர். இருவருக்கும் சேர்த்துத்தான் விசாவுக்குக் கேட்டோம். அண்ணனுக்குக் கொடுத்தார்கள், மதினிக்கு மறுத்துவிட்டார்கள். பெண்டாட்டி ஊரில் இருந்தால் புருஷன் எப்படியும் திரும்பிப் போவான் என்பது அவர்கள் நினைப்பு போலிருக்கிறது.

அண்ணன் வரமாட்டேன் என்றுதான் சொன்னார். மதினிதான் பிடித்துத் தள்ளாத குறையாக அனுப்பிவைத்தார். "போயி பாத்துட்டு வந்து எனக்கு சொல்லுங்க. நா பாத்த மாதிரி இருக்கும்" என்றாராம்.

வந்த அண்ணன் என் வீட்டு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். குளிரைப் பற்றி நான் பயந்த அளவுக்கு ஒன்றுமில்லை. அப்புத்தளைப் பனியில் வளர்ந்த உடம்பு என்று மீசையை முறுக்கினார். அவரை அசத்தியது இருட்டுதான். பகல் சாப்பாடு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தால் வெளியே மங்கத் தொடங்கிவிடும்.

"என்ன செசிலி, இந்த ஊருல சூரியனுக்கும் அரைப் பேருதானா?" என்றார்.

தோட்டத்தில் ஒரு நாள் முழு வேலைக்கு ஒரு பேர். பாதியில் திரும்பினால் அரைப் பேர், சம்பளமும் பாதி. நான் சிரித்த சிரிப்பில் என் கணவர் ஞானம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். அவர் பண்டாரவளை டவுனில் பிறந்தவர், அவருக்கு இதெல்லாம் விளங்கச் சொல்ல வேண்டும். மகள் ஷரோனுக்கு விளங்கச் சொல்லவே முடியாது. பத்தொன்பது வயது. காதில் எதையாவது செருகிக்கொண்டு மாடிப்படியில் ஏறுவாள், இறங்குவாள். மாமாவைப் பார்த்தால் ஒரு சிரிப்பு. அண்ணன் அவளைப் பாப்பா என்பார், அதற்கும் அதே சிரிப்பு.

எனக்கு அந்த நாட்களில் ஊர் திரும்பி வந்த மாதிரி இருந்தது. அண்ணனோடு பேசப் பேச, மறந்துபோனதாக நினைத்ததெல்லாம் வாயில் வந்தது. மூங்கில் சிம்பை வளைத்து, நிறத்தாள் ஒட்டி, லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் வாசலில் தொங்கவிடும் நட்சத்திரம், அது மழையில் கரைந்து சாயம் வழிவது. பதுளை பஜாரில் முஸ்லிம் நானாவின் கடையில் வீட்டுக்கே ஒரே துணியில் சட்டையும் கவுனும் எடுத்துவிட்டு, கோயிலில் நாங்கள் எல்லோரும் ஜன்னல் சீலை மாதிரி வரிசையாக நின்றது. அந்த வருஷம் மதினி அண்ணனுக்குச் சட்டை எடுத்து வைத்திருந்தாராம். நீங்கள் திரும்பி வந்ததும் போட்டுக்கொள்ளலாம் என்று கையில் கொடுக்கவில்லை.

3

நான் காலை வேலைக்குப் போயிருந்தபோது அண்ணன் அந்த நாற்காலியிலேயே போய்விட்டார். ஷரோன்தான் பார்த்திருக்கிறாள். தேநீர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறாள், பதில் வரவில்லை. அவள் போன் பண்ணி ஆம்புலன்ஸ் வந்து, அதற்குப் பின்னால் பொலிஸ் வந்து, அதற்கும் பின்னால்தான் நான் வந்தேன்.

இந்த நாட்டில் வைத்தியம் பார்த்த டாக்டர் இல்லாதவர் திடீரென்று இறந்தால், மரண விசாரணை அதிகாரி பார்த்து முடிவு சொல்லும்வரை உடலைத் தரமாட்டார்கள். அதில் தப்பு சொல்ல முடியாது, நம் நாட்டிலும் அப்படித்தான். ஆனால் நத்தார் நெருங்கிவிட்டது. அறுத்துப் பார்க்கும் டாக்டர்கள் லீவில் போகிறார்கள். கையெழுத்துப் போட வேண்டியவர் லீவு. அவருக்குப் பதிலாக இருப்பவருக்கு இந்தக் கையெழுத்துப் போட அதிகாரம் இல்லை. லீவில் போனவர் வந்து கையெழுத்துப் போட்டால்தான் பிரேதத்தை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அனுமதி கேட்கவே முடியும்.

என் இங்கிலீஷ் முதியோர் இல்லத்துக்குப் போதும், மரண விசாரணை ஒப்பீசுக்குப் போதாது. ஷரோன்தான் பேசினாள். சமையலறை மேசையில் உட்கார்ந்து, நோட்டுப் பேனாவோடு, குரல் உயர்த்தாமல். "உடல் எங்கே இருக்கிறது, உடலை எப்போது தருவீர்கள், உடலை அனுப்ப என்ன செய்ய வேண்டும்." இங்கிலீஷில் அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தை என் மண்டையில் அடித்துக்கொண்டே இருந்தது.

"மாமான்னு சொல்லுடி" என்றேன்.

"அம்மா, மாமான்னு சொன்னா அவங்களுக்கு விளங்காது" என்றாள். அவள் சொன்னது சரிதான். ஆனாலும் எனக்கு அவள்மேல் வந்த கோபம் அடங்கச் சில நாள் ஆனது.

இதெல்லாம் பிறகு தெரிந்த சங்கதி. அண்ணன் போன அன்று எனக்கு ஒன்றும் தெரியாது. முதல் வேலையாக ஊருக்குத்தான் போன் பண்ணினேன். மதினியிடம் நேரே சொல்லப் பயந்து, தோட்டத் தலைவர் சவரிமுத்துவிடம் சொன்னேன். தொழிற்சங்கத் தலைவர், அண்ணனின் கூட்டாளி, அதே லயத்துக்காரர். போய்விட்டார் என்று சொன்னேன். வேறு ஒன்றும் சொல்ல வாய் வரவில்லை. அவரும் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் நானே எடுப்பதற்குள் அவர் எடுத்துவிட்டார்.

"குழி ரெடிம்மா. நல்ல எடமா பாத்து, ஒங்க அப்பாவுக்குப் பக்கத்துலயே வெட்டியாச்சு. எத்தன மணிக்கு கொண்டாருவீங்க?"

4

எங்கள் தோட்டத்தில் சாவு விழுந்தால் குழி வெட்டச் சொல்லி யாரும் யாரையும் கேட்பதில்லை. கேட்பது சாவு வீட்டுக்கு மரியாதையில்லை. விடியும்போதே நான்கு பேர் மண்வெட்டியோடு போய்விடுவார்கள், தோட்டமும் அவர்களுக்கு அன்றைய பேரைப் போட்டுக்கொடுத்துவிடும். பிரேதம் ஆஸ்பத்திரியிலிருந்தாலும் கொழும்பிலிருந்தாலும் பொழுது சாய்வதற்குள் வந்துவிடும், அடக்கம் முடிந்துவிடும். என்றைக்கும் அப்படித்தான் நடந்திருக்கிறது. பிளேனில் வருகிறவர் என்றாலும் ஒரு நாள் கூடப் போகும், அவ்வளவுதானே என்று நினைத்திருக்கிறார்கள். அவர்கள் செய்ததில் ஒரு குற்றமும் இல்லை.

ஆனால் வெட்டிய குழியைச் சும்மா விடக்கூடாது. மூடவும் கூடாது. ஆளில்லாமல் மூடினால் அந்தக் குழி வேறு ஆளைக் கேட்கும் என்பார்கள். திறந்து போட்டாலும் அதே கதைதான். அதனால் பிரேதம் வரும்வரை பக்கத்தில் ஒரு ஆள் இருக்க வேண்டும், விளக்கு எரிய வேண்டும். ஒரு பொழுதுக்கு ஏற்பட்ட வழக்கம் அது. லீவில் போகும் அதிகாரிகளை நினைத்து அதை யாரும் ஏற்படுத்தவில்லை.

தகரம் கொண்டுவந்து குழியை மூடினார்கள். நான்கு கம்பை நட்டுத் தார்ப்பாய்ப் படங்கு கட்டினார்கள். முறை வைத்துக் காவல் இருந்தார்கள். பதுளைப் பக்கம் டிசம்பர் மழையைத் தெரிந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அது பெய்கிற மாதிரி இருக்காது, ஊறுகிற மாதிரி இருக்கும். மேலிருந்து வந்த தண்ணீரைப் படங்கு தடுத்தது. பக்கத்து மண்ணிலிருந்து ஊறி வந்ததைத் தடுக்க ஒன்றுமில்லை. வாளி கட்டி இறைத்தார்கள்.

லயத்தில் யாரும் நட்சத்திரம் கட்டவில்லை. பலகாரம் சுடவில்லை. குழி திறந்திருக்கும்போது எப்படிச் சுடுவது? அந்த லயத்துப் பிள்ளைகளுக்கு வருஷத்தில் புதுச்சட்டை வருகிற ஒரே நாள் அது. அடுத்த லயத்தில் கெரோல் பாட்டுக் கேட்டால் இந்த லயத்தில் கதவைச் சாத்தினார்களாம்.

நான் தினமும் ஒப்பீசுக்குப் போன் பண்ணினேன், அதாவது ஷரோன் பண்ணினாள். தினமும் மதினிக்குப் போன் பண்ணினேன், அதை நானேதான் பண்ண வேண்டியிருந்தது.

"என்ன சொல்றாங்க?"

"பாக்குறோம்னு சொல்றாங்க மதினி."

"கிறிஸ்மஸுக்கு முந்தி வந்துருவாருல்ல?"

"பாப்போம் மதினி."

"ஒரு வார்த்த உறுதியா சொல்லு செசிலி. இங்க எல்லாரும் என் மூஞ்சியவே பாக்குறாங்க."

இங்கே வீதியெல்லாம் வண்ண விளக்கு. கடைகளில் ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டார்கள். முதியோர் இல்லத்தில் ஒரு தாத்தாவுக்குக் காகிதக் கிரீடம் வைத்துவிட்டுக் கை தட்டினோம். கை தட்டும்போது மழையில் தகரத்துக்குப் பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

பிறகு லயத்தில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தது. மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வராமல் என்ன செய்யும்? அப்படித்தான் கோயில் சாமியாரும் சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு பிள்ளையின் தாய் மதினியின் வாசலில் வந்து நின்று அழுதிருக்கிறாள். திட்டவில்லை, அழுதிருக்கிறாள். அன்றைக்குத் தலைவர் எனக்குப் போன் பண்ணினார்.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. அவரு உடுப்ப வச்சு மூடிரலாம்னு பெரியவங்க சொல்றாங்க. கடலுக்குப் போனவங்க, காணாமப் போனவங்களுக்கெல்லாம் அப்படி செய்யிறதுதானாம். ஆனா ஒங்க மதினி விடமாட்டேங்குது. கொடைய புடிச்சுக்கிட்டு குழிகிட்டயே ஒக்காந்திருக்கு."

"அவர் காணாமப் போகலையே தலைவர்" என்றேன். "இங்கதான இருக்காரு."

"இருக்காரும்மா. ஆனா குழி இங்கயில்ல இருக்கு."

5

நத்தாருக்கு முந்திய நாள் காலை, ஊரில் மத்தியானம் கழிந்திருக்கும், மதினியே கூப்பிட்டார். மதினி தானாக எனக்குப் போன் பண்ணியது அதுதான் முதல் தடவை.

"செசிலி, ஒரு பக்கத்து மண்ணு சரிஞ்சிருச்சு. தண்ணி முழங்கா அளவு நிக்குது. இறைக்க இறைக்க வருது. அவரு படுக்க வேண்டிய எடத்துல தண்ணி நிக்கிறத என்னால பாக்க முடியல."

ஒப்பீசுகள் மத்தியானத்தோடு மூடுகின்றன, இனி வருஷம் பிறந்துதான் திறக்கும் என்று அன்று காலையில்தான் ஷரோன் கேட்டுச் சொல்லியிருந்தாள். அதை நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

"நா மூடச் சொல்லிட்டேன்" என்றார் மதினி. "நீ போன வைக்காத."

வைக்கவில்லை. தொழிற்சாலைக்குப் போட்டுப்போன காக்கிச் சட்டை, இரண்டு சாரம், கோயிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டைகள், அந்த நத்தாருக்கு எடுத்துவைத்த புதுச்சட்டை, எல்லாவற்றையும் மடித்துப் பெட்டியில் வைத்தார்களாம். தோட்டத்தில் கொடுக்கும் சவப்பெட்டி ஏற்கனவே வந்து லயத்து வராந்தாவில் கிடந்ததுதான். ஒன்றையாவது நினைவுக்கு வைத்துக்கொள் என்று யாரோ சொல்வது கேட்டது. "பாதி மனுசனையா பொதைக்கிறது?" என்று மதினி கேட்டதும் கேட்டது.

ஜெபம் கேட்டது, மழை கேட்டது. தகரத்தை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு மண் விழுந்தது. ஈர மண் பெட்டியில் விழும் சத்தம் தனி. நான் சமையலறையில் நின்றேன். ஞானம் பக்கத்தில் நின்றார். ஷரோன் படியில் உட்கார்ந்திருந்தாள், அன்று காதில் ஒன்றுமில்லை.

முடிந்ததும் யாரோ போனை வாங்கி வைத்துவிட்டார்கள். அன்று மாலையே லயத்தில் அடுப்புகள் எரிந்தன, பிள்ளைகளுக்குப் பலகாரம் சுட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். காய்ச்சல் பிள்ளைகளும் எழுந்துவிட்டார்களாம். அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷம் வரவில்லை, வந்தது என்று பொய் எழுதமாட்டேன். என் அண்ணன் குளிர்ப் பெட்டியில் கிடக்க அவர்களுக்கு எப்படி எண்ணெய் காய்ந்தது என்றுதான் நினைத்தேன். பிள்ளைகள் சாப்பிட்டால் எனக்கென்ன என்று இப்போது தோன்றுகிறது. அன்று தோன்றவில்லை.

மறுநாள் நத்தார். ஞானம் கோழி சமைத்தார். யாரும் வரவில்லை, வர ஆளும் இல்லை. நாற்காலியை ஜன்னலோரத்திலிருந்து நகர்த்த யாருக்கும் கை வரவில்லை. சாப்பாட்டு மேசையில் ஷரோன் தட்டைப் பார்த்தபடி, "மாமாவ இன்னும் வச்சிருக்காங்களே, நாம போய்ப் பாக்க ஏலாதா?" என்றாள். அண்ணன் போன பிறகு அவள் தானாகவே மாமா என்று சொன்ன முதல் தடவை. லீவு முடியாமல் ஏலாது என்றேன்.

6

வருஷம் பிறந்து கொஞ்ச நாளில் ஒப்பீசிலிருந்து கூப்பிட்டார்கள். மாரடைப்புதான், சந்தேகம் ஒன்றுமில்லை, உடலைத் தரலாம், நாட்டுக்கு அனுப்பவும் தடையில்லை என்றார்கள். இத்தனை நாள் நாங்கள் எதிர்பார்த்துத் தொங்கிக்கொண்டிருந்த காகிதங்கள் எல்லாம் இரண்டே நாளில் கைக்கு வந்தன. பிரேதம் அனுப்புகிறவரும் நல்ல மனிதர். அடுத்த வாரமே கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறக்கிவிடலாம் என்றார்.

நான் ஓடிப்போய் மதினிக்குப் போன் பண்ணினேன். ஓடிப்போய் என்பதுதான் சரி, படியில் தடுக்கி விழப் பார்த்தேன்.

"மதினி, அண்ணனக் குடுத்துட்டாங்க. கொண்டாந்துரலாம். நானும் கூட வாறேன்."

லைன் போய்விட்டதோ என்று பார்த்தேன்.

"வேணாம் செசிலி."

"என்ன மதினி?"

"நாங்க அடக்கம் பண்ணிட்டோம். எட்டாம் நாள் பூச வச்சாச்சு. நா தாலியக் கழட்டிட்டேன். ஒரு ஆளுக்கு ரெண்டு குழி வெட்ட இங்க யாரும் வரமாட்டாங்க. அவங்களக் குத்தம் சொல்ல ஏலாது, எத்தன நா மழையில நனஞ்சாங்க."

"மூடுனதயே திரும்ப வெட்டச் சொல்லுங்க."

"பொதச்சதத் தோண்டச் சொல்றியா?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுவதும் நினைவில்லை. துணிமூட்டையைப் புதைத்துவிட்டு மனுஷனை வேண்டாம் என்கிறீர்களா என்று கேட்டது நினைவிருக்கிறது. மதினி முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அப்ப இங்க இருக்கறது யாரு மதினி?" என்றேன் கடைசியில்.

"ஒங்க அண்ணன்" என்றார். "எம் புருசன் இங்க இருக்காரு. பெட்டிமேல மொத பிடி மண்ணப் போட்டது நாந்தான். இன்னொரு தரம் என்னப் போடச் சொல்லாத. எனக்குச் சக்தியில்ல."

ஞானம் போனை வாங்கி, "சரி அக்கா, நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லி வைத்தார்.

ஆகவே இங்கேயே அடக்கம். குழியை இயந்திரம் வெட்டியது. அது வந்து போன தடம்கூடத் தெரியாமல் சுற்றிப் பச்சை விரிப்புப் போட்டிருந்தார்கள். மண் இறுகிக் கட்டியாகக் கிடந்தது, பிடி எடுக்க வராமல் ஷரோன் நகத்தால் கீறி எடுத்துப் போட்டாள். கோயில் சாமியார், முதியோர் இல்லத்திலிருந்து இரண்டு பேர், நாங்கள் மூன்று பேர். ஊரில் என்றால் காலையில் பேர் பதியப் பெரட்டுக்கு வருகிற சனம் முழுவதும் வந்திருக்கும். பேர் எடுத்த எல்லோரும் மலையிலிருந்து இறங்கி வந்திருப்பார்கள். நான் அழவில்லை. கோபம் அழவிடவில்லை.

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றுவதற்குள் போன் அடித்தது. மதினி. அன்றைக்குத்தான் அடக்கம் என்று நான் சொல்லவில்லை. ஞானம் சொல்லியிருக்கிறார்.

"முடிஞ்சிருச்சா?"

"ம்."

"தண்ணி நின்னுச்சா உள்ள?"

"இல்ல மதினி. காஞ்சுதான் கெடந்துச்சு."

பிறகு, கேட்கலாமா கேட்கக்கூடாதா என்கிற மாதிரிக் குரலில் கேட்டார்.

"நல்ல சட்டையெல்லாம் நா இங்க வச்சிட்டேனே. என்னத்தப் போட்டு விட்டீங்க?"

"எங்க வீட்டுக்காரரோட சட்ட மதினி. வெள்ளச் சட்ட. மேல கோட்டு."

"அவரு ஒசரமாச்சே. அளவு சரியா இருந்துச்சா?"

"கை கொஞ்சம் நீளம்."

"மடிச்சு விட்டீங்களா?"

"மடிச்சுத்தான் விட்டேன். ரெண்டு மடி."

அப்போதுதான் மதினி வாய்விட்டு அழுதார்.